எருக்கஞ்செடியின் முன் ஒரு மணி நேரம்: சூழலியலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

முதுநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் ஓர் ஏரியில் நீர்ப்பறவைகளை எண்ணினேன். வாரம் இருமுறை, காலை ஆறு முதல் எட்டு மணிவரை. எண்களைக் கணினியில் ஏற்றி, வெப்பநிலை, காற்றின் வேகம், நீரின் ஆழம் என ஒவ்வொன்றோடும் பொருத்திப் பார்த்தேன். பிப்ரவரி கடைசியில் ஒரே ஒரு வாரம் மட்டும் கொக்குகளும் நத்தைகுத்தி நாரைகளும் பல மடங்கு பெருகியிருந்தன. எந்தச் சமன்பாடும் அதற்குப் பிடிகொடுக்கவில்லை. நீரின் ஆழத்தை நான் மாதத்துக்கு ஒருமுறைதான் அளந்திருந்தேன். அந்த எண்களோடு பல நாள் மல்லுக்கட்டிய பிறகு, கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். “அந்த வாரம்தானே தம்பி, மீன் குத்தகைக்காரர் மதகைத் திறந்து தண்ணீரை இறக்கினார்? சேற்றில் மீன் துள்ளினால் கொக்கு வராமல் இருக்குமா?” என்றார்.

அந்த வாரமும் நான் அதே கரையில்தான் நின்றிருந்தேன். நீர் பின்வாங்கிச் சேறு தெரிந்ததை என் கண்கள் கண்டுதான் இருக்கும். கையிலிருந்த படிவத்தில் அதை எழுதக் கட்டம் இல்லை. அதனால் எழுதவில்லை, எழுதாததால் நினைவிலும் தங்கவில்லை.

சூழலியல் படிக்க இப்போதுதான் வந்திருக்கும் மாணவர்களுக்காகவும், ஆய்வில் இறங்கிவிட்டு “நான் ஆராயும் உயிரை எனக்கே சரியாகத் தெரியவில்லையே” என்று உள்ளூரத் தவிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். புள்ளியியலும் கணினி நிரலும் செயற்கைக்கோள் படங்களும் நமக்குத் தேவை. நானும் அவற்றோடுதான் வாழ்கிறேன். ஆனால் கல்லூரி வளாகத்திலுள்ள பத்து மரங்களுக்குப் பெயர் சொல்லத் தெரியாமலேயே சூழலியலில் பட்டம் பெற்றுவிட முடிகிறது என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. விலங்குச் சூழலியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான சார்லஸ் எல்டன், சூழலியல் என்பது மிகப் பழைய ஒரு துறைக்கு வந்த புதிய பெயர்தான், அது அறிவியல் முறையில் செய்யும் இயற்கை வரலாறு என்று 1927-லேயே எழுதினார். இயற்கை வரலாறு என்ற சொல்லில் உள்ள ‘வரலாறு’ பலரைக் குழப்புகிறது. அதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு விசாரித்து அறிதல் என்று பொருள். இயற்கையை நேரில் போய் விசாரிப்பவர் இயற்கையியலாளர்.

எங்கே தொடங்குவது

முதுமலைக்கோ ஆனைமலைக்கோ போக வேண்டாம். அங்கெல்லாம் முன் அனுமதி வேண்டும், செலவும் ஆகும், வருடத்துக்கு ஒருமுறை போனால் அதிகம். வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ பத்து நிமிட நடையில் உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்மாய்க் கரை, கோயில் நந்தவனம், ரயில் பாதையோரப் புறம்போக்கு, கல்லூரி மைதானத்தின் பின்புறம், எதுவானாலும் சரி. குறைந்தது ஓராண்டு, வாரம் ஒருமுறை, அதே இடத்துக்குப் போக முடியுமா என்பது ஒன்றே அளவுகோல். வெளியே நடக்க இயலாதவர்களுக்கு வேப்பமரம் தெரியும் ஒரு ஜன்னல் போதும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புங்கமும் வேம்பும் எந்த வாரம் இலை உதிர்த்தன, எந்த வாரம் துளிர்த்தன, எந்த வாரம் பூத்தன என்று பத்தாண்டு எழுதி வைத்திருப்பவர் எத்தனை பேர்?

கருவிகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தையல் கட்டுள்ள கெட்டி அட்டை நோட்டு, பென்சில், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். ஆறு மாதம் கழித்தும் ஆர்வம் இருந்தால் 8×42 அளவில் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. அகலம்) ஓர் இருகண்ணோக்கி வாங்கலாம்.

இடம் அமைந்ததும் முதல் பாடத்துக்கு எருக்கஞ்செடியைச் சொல்வேன். யாரும் வளர்ப்பதில்லை, ஆடு மாடு பெரும்பாலும் கடிப்பதில்லை, எங்கும் கிடைக்கும். செடியிலிருந்து ஓரடி தள்ளி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். கைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். முதலில் கண்ணில் படுவது இலையடியில் அப்பியிருக்கும் மஞ்சள் நிற அசுவினிக் (செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) கூட்டமாக இருக்கலாம். அதைச் சுற்றி எறும்புகள் நடமாடும். அவை அசுவினியைத் தின்கின்றனவா, அதனிடமிருந்து எதையாவது வாங்குகின்றனவா? பொறிவண்டு ஒன்று வந்தால் எறும்பு என்ன செய்கிறது? இலையின் அடியில் வெளிர்நிற முட்டை ஒன்று தனியாக ஒட்டியிருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியுடையதாக இருக்கலாம். அதன் புழு எருக்கம்பாலை எப்படிச் சமாளிக்கிறது? இலையின் நரம்பை முதலில் கடித்துப் பாலை வடியவிட்டுத் தின்கிறதா, எடுத்த எடுப்பிலேயே தின்னத் தொடங்குகிறதா? மஞ்சளும் நீலமுமாக வண்ணம் பூசியது போன்ற வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தால் அதைப் பிடித்து அழுத்தாதீர்கள். அது திரவத்தைப் பீச்சும்.

பூவுக்கு வருவோம். பெரிய கறுப்புத் தச்சுத்தேனீ வந்து பூவில் தொங்கும்போது கைலென்ஸோடு காத்திருங்கள். எருக்கின் மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை; சிறு பொதிகளாக இணைந்து இருக்கும். பூவின் இடுக்கில் கால் மாட்டும் பூச்சி அதை இழுத்து விடுவிக்கும்போது பொதியும் காலோடு வரும். கால் சிக்கினால் இழுத்துக்கொள்ள வலு வேண்டும். இப்போது நீங்களே கேட்பீர்கள்: அந்த வலு இல்லாத சின்னப் பூச்சிகள் இந்தப் பூவுக்கு ஏன் வருகின்றன? வந்து என்ன ஆகின்றன? இந்தக் கேள்வியை உங்களுக்கு எந்தப் பாடநூலும் எடுத்துக் கொடுக்கவில்லை. செடியின் முன் உட்கார்ந்ததால் வந்தது.

குறிப்பேடு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால் இந்தப் பகுதியைப் பின்பற்றுங்கள்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் முதுகெலும்பிகளுக்கான அருங்காட்சியகம் ஒன்று 1908-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னல். அவர் தம்மோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே முறையில் களக்குறிப்பு எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். அன்றாட நாட்குறிப்பு தனி, ஒவ்வொரு உயிரினத்துக்குமான பக்கம் தனி, சேகரித்த மாதிரிகளின் பட்டியல் தனி. எத்தனை பொறிகள் வைத்தார்கள், எத்தனை இரவுகள் வைத்தார்கள், எந்த உயரத்தில் வைத்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருந்தன. இதன் முழு மதிப்பு பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் தெரியவரும் என்று அவர் 1910-இல் எழுதினார். யோசெமிட்டி மலைப்பகுதியில் அவரது குழு 1914 முதல் 1920 வரை ஆய்வு செய்தது. 2003 முதல் அதே இடங்களுக்குப் புதிய குழு ஒன்று அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு போயிற்று. 28 சிறு பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ பாதி, தங்கள் வாழிட எல்லையைச் சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மேல்நோக்கி மாற்றிக்கொண்டிருந்தது 2008-இல் வெளியான கட்டுரையில் தெரியவந்தது. வெறும் இனப்பட்டியல் மட்டும் எஞ்சியிருந்தால் இந்த ஒப்பீடு நடந்தே இருக்காது. பொறி வைத்தும் எலி விழாத இரவுகளையும் அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள்.

நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், வானிலை, உடன் வந்தவர். இடத்தை, உங்களை அறியாத ஒருவர் ஐம்பது ஆண்டு கழித்துத் தேடிப் போகும்படி எழுதுங்கள். பிறகு கண்டதை எழுதுங்கள். ஒரு மாதிரி:

“பிப்ரவரி 11, காலை 6.50–7.40. ஏரியின் தென்கரை, இரண்டாம் மதகுக்கும் ஆலமரத்துக்கும் நடுவே. பனி, காற்று இல்லை. உன்னிக்கொக்கு 6, மேயும் எருமைகளோடு. அவற்றில் ஒன்று தவளையைப் பிடித்துத் தண்ணீரில் இரண்டுமுறை அலசி விழுங்கியது. ஆள்காட்டி இணை இன்று இல்லை. கடந்த மூன்று வாரமும் இருந்தது. கரையில் புதிதாக மண் வெட்டிய குழி, சுமார் நான்கடி நீளம். நினைப்பது: குழிதான் காரணமோ?”

இந்த மாதிரியில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஆள்காட்டி வராததும் பதிவாகியிருக்கிறது. பார்த்தது ஒன்று, நினைத்தது ஒன்று என்று பிரிந்திருக்கிறது. நாம் நினைத்ததைப் பார்த்ததாக எழுதிவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ‘பயந்து பறந்தது’ என்று எழுதாமல் ‘நாய் குரைத்ததும் பறந்தது’ என்று எழுதுங்கள். பயத்தை நீங்கள் பார்க்கவில்லை.

நின்ற இடத்திலேயே எழுதுங்கள். அன்று மாலையே விரித்து எழுதி முடியுங்கள். மறுநாள் காலைக்குள் பாதி போய்விடும். எழுதியதை ஒருபோதும் அழிக்காதீர்கள். தவறு தெரிந்தால் பக்கத்தில் திருத்தி, திருத்திய தேதியைப் போடுங்கள். ஏரியின் அந்த வாரத்துப் பக்கத்தில், மதகைப் பற்றிப் பெரியவர் சொன்னதைப் பென்சிலால் எழுதி, எழுதிய நாளையும் குறித்து வைத்தேன். உங்கள் ஆய்வுக்கென்று அச்சடித்த படிவம் இருந்தால் அதன் கடைசியில் கட்டமே போடாமல் அரைப்பக்கம் விடுங்கள். என் மாணவர்களின் படிவங்களில் அந்த அரைப்பக்கம் காலியாக வந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பெயர் சொல்லப் பழகுவது

ஊரார் சொல்லும் பெயரிலிருந்து தொடங்குங்கள். செம்போத்து, கரிச்சான், தவிட்டுக்குருவி, கொண்டலாத்தி, தூக்கணாங்குருவி. ஒவ்வொன்றும் நிறத்தையோ செயலையோ சொல்லிவிடுகிறது. ஒரே பறவைக்கு மாவட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கும். எல்லாவற்றையும், எந்த ஊரில் யார் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதன் பக்கத்தில் அறிவியல் பெயரையும் எழுதுங்கள், அது இல்லாமல் வெளியூர்க்காரரோடு பேச முடியாது. நிலத்துக்கு உரிய விலங்கு, மரம், பறவை என்று கருப்பொருளை வகுத்துப் பாடிய மொழி நம்முடையது. அந்தப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லும் நாம் ஞாழல் மரத்தை நேரில் பார்த்திருக்கிறோமா?

உயிரினங்களை அடையாளம் காட்டும் ஐநேச்சுரலிஸ்ட், மெர்லின் போன்ற செயலிகள் நல்ல துணைகள். ஆனால் ஒரு நிபந்தனை. செயலியிடம் காட்டுவதற்கு முன், அது என்னவென்று நீங்கள் கருதுவதையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் எழுதிவிடுங்கள். ‘அலகு வளைந்திருக்கிறது, கால் மஞ்சள், வாலை ஆட்டுகிறது’ என்று எழுதும்போதுதான் கண் பழகும். செயலியும் தவறும், அது தவறுவதைக் கண்டுபிடிக்க இந்தப் பழக்கம் வேண்டும்.

தாவரங்களைப் பொறுத்தவரை, மாதம் பத்து இனம் போதும். இனத்தைத் தேடுவதற்கு முன் குடும்பத்தைச் சொல்லப் பழகுங்கள். பூவோ காயோ உள்ள ஒரு சிறு கிளையைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனம் ஏற்றி, தினமும் தாளை மாற்றினால் பத்து நாளில் காய்ந்துவிடும். காய்ந்தபின் நிறம் போய்விடும் என்பதால் பூவின் நிறத்தை எடுத்த அன்றே எழுதிவிடுங்கள். ஒருமுறையாவது நல்ல ஹெர்பேரியத்துக்குள் (உலர்தாவரத் தொகுப்பகம்) போய் வாருங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலும் உலர்ந்த தாவரங்கள் அடுக்கடுக்காகக் காத்திருக்கின்றன. கோயம்புத்தூரிலேயே 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும் இருக்கிறது.

தெரிந்தவர்களிடம் கேட்பது

ஆடு மேய்ப்பவர், வலை வீசுபவர், தேன் எடுப்பவர், நாற்று நடுபவர், இவர்களுடைய பிழைப்பே கவனிப்பதில் இருக்கிறது. இருளர்கள் மண்ணில் பதிந்த தடத்தைக் கொண்டு பாம்பின் வளையைக் கண்டுபிடிப்பவர்கள். அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டது. பாம்புக்கடிக்கான மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சை அது எடுத்துத் தருகிறது. நம் நாட்டில் ஏட்டுக்கு வெளியே உள்ள இயற்கை அறிவு எத்தனை உயிரைக் காக்கிறது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

கேட்கும் முறையில் கவனம் வேண்டும். “இங்கே கொக்கு குறைந்துவிட்டது, இல்லையா அண்ணா?” என்று கேட்டால் “ஆமாம் தம்பி” என்ற பதில்தான் வரும். “நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கரையில் என்னென்ன இருந்தன?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர்களுடைய ஒரு நாளை எடுத்துக்கொண்டால் ஒரு நாள் கூலியைக் கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் ஆய்வேட்டில் பெயரைப் போடுங்கள். ‘உள்ளூர் மக்கள்’ என்று பொத்தாம்பொதுவாக நன்றி சொல்லிக் கடந்துவிடாதீர்கள்.

பார்த்ததிலிருந்து ஆய்வுக்கு

எறும்பு முட்டைகொண்டு திட்டை ஏறினால் மழை பெய்யும் என்று சொல்வார்கள். இதை நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். சோதித்துப் பாருங்கள். முதலில் அது முட்டைதானா என்று கைலென்ஸில் பாருங்கள். பெரும்பாலும் புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ இருக்கும். உங்கள் இடத்தில் ஐந்தாறு எறும்புப் புற்றுகளுக்கு எண் கொடுங்கள். ஆடியிலிருந்து மார்கழிவரை தினமும் ஒரே நேரத்தில் அவற்றைப் பார்த்து, குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு இடம் பெயர்ந்தனவா என்று எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் மழை வந்தால்தான் வந்ததாகக் கணக்கு என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். பாதியில் மாற்றக் கூடாது. மழையை அளக்க, நேரான சுவருள்ள தகர டப்பாவும் அளவுகோலும் போதும்.

நான்கு வகை நாட்கள் கிடைக்கும். எறும்பு ஏறியது, மழை வந்தது. ஏறியது, வரவில்லை. ஏறவில்லை, வந்தது. ஏறவுமில்லை, வரவுமில்லை. ஊரில் நினைவில் நிற்பது முதல் வகை மட்டும். மற்ற மூன்றையும் எழுதியவர்தான் அந்தப் பழமொழிக்கு நியாயம் செய்கிறார். ஏறிய நாட்களில் சில, யாரோ புற்றை மிதித்த நாட்களாக இருக்கும். வெயில் திரும்பிப் புற்றின் மேல் விழத் தொடங்கிய நாட்களாகவும் இருக்கலாம். கட்டம் போடாத அரைப்பக்கத்தில் அதையெல்லாம் எழுதியிருந்தால் தப்பித்தீர்கள்.

இதெல்லாம் சிறுபிள்ளை வேலை என்று யாராவது சொன்னால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ரோபலிடியா மார்ஜினேட்டா என்ற சாதாரணக் குளவியின் கூடுகளை அவர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். குளவிகளின் மேல் வண்ணப் புள்ளி வைத்து ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் கண்டு, அது என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்ப்பதுதான் அந்த ஆய்வின் அடிப்படை. இந்தக் குளவியின் அரசி சாதுவானது. அதை அகற்றிவிட்டால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று திடீரென்று மிக மூர்க்கமாகிறது. அதுவே அடுத்த அரசி ஆகிறது. உலகம் முழுவதும் சமூகப் பூச்சிகளைப் படிப்பவர்கள் கவனிக்கும் ஆய்வு இது.

சில கட்டுப்பாடுகள்

1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டையையும் கூட்டையும் சிதைப்பதும் வேட்டைக் குற்றத்தில் சேரும். கூட்டை நெருங்கிப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் விலக்கிய இலை வழியாகக் காகத்துக்குக் கூடு தெரிந்துவிடும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். பாம்பைத் தொடாதீர்கள். தனியாகப் போகும்போது எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். பெண்கள் இருவராகப் போவது நல்லது என்று சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான். ஏரிக்கரையில் ஒரு பெண் நிம்மதியாகத் தனியே உட்கார முடியாததால் இந்தத் துறை இழந்திருக்கும் கவனிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

துறைக்குள் இதைக் கொண்டுவருவது

ஆய்வுக்கூடத்தில் உங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போது, செய்யும் ஆய்வைச் சொல்வதோடு “நான் ஓர் இயற்கையியலாளர்” என்றும் சொல்லுங்கள். அந்தச் சொல்லைப் பொழுதுபோக்கு என்ற தட்டில் வைத்தவர்கள் நாமேதான். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இல்லை. 1950 முதல் 1996-இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தாம் கண்ட உயிர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு அணிலைப் பற்றியும் எழுதினார்.

ஆய்வேட்டின் முதல் இயலாக, நீங்கள் ஆராயும் உயிரின் வாழ்க்கையை உங்கள் சொந்தக் கவனிப்பிலிருந்து எழுதுங்கள். உங்கள் ஆய்வு வழிகாட்டி அது வேண்டாம் என்று சொன்னால் பின்னிணைப்பாகவாவது வையுங்கள். துறையில் வாரம் ஒரு காலை நடையைத் தொடங்குங்கள். அதில் பேராசிரியரும் முதலாண்டு மாணவரும் தோட்டக்காரரும் ஒன்றாக நடக்கட்டும். பல வளாகங்களில் தோட்டக்காரருக்குத்தான் மரங்கள் அதிகம் தெரியும். கணினியில் சமன்பாடுகளைக் கொண்டு மாதிரியாக்கம் மட்டும் செய்பவர்கள், தங்கள் சமன்பாட்டில் வரும் உயிர் வாழும் இடத்தில் ஆண்டுக்கு ஒரு வாரமாவது தங்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் விதி வையுங்கள். களத்துக்குப் போன நாட்களையும் எழுதிய நோட்டுகளையும் தன்விவரக் குறிப்பில் சேருங்கள்.

பறவைகளை இபேர்டு தளத்தில் பதியுங்கள். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள், அங்கே புதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். புதிதாக ஏதாவது கண்டால் சிறு குறிப்பாக எழுதி அனுப்புங்கள். 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இத்தகைய குறிப்புகளுக்கென்றே நெடுங்காலமாக இடம் இருக்கிறது. அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களைப் பற்றிக் கோயம்புத்தூரிலிருந்து வெளிவரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்சா இதழையும் பாருங்கள்.

முதல் நோட்டு நிரம்பியதும் பக்கங்களுக்கு எண் போட்டு, கடைசி இரண்டு பக்கத்தில் இனங்களின் பெயர்களை அகரவரிசையில் எழுதி, எந்தெந்தப் பக்கத்தில் வருகின்றன என்று குறியுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். ஒரு நகலைத் துறை நூலகத்தில் கொடுத்து, பதிவேட்டில் எண் வாங்கிக்கொள்ளுங்கள். நூலகர் இதற்கு முன் இப்படி எதையும் வாங்கியிருக்க மாட்டார். எந்த அலமாரியில் வைப்பது என்று கேட்பார். இரண்டாவது நோட்டும் வரும் என்று சொல்லி, கொஞ்சம் இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.